சில்லறை

நாலாயிரத்து இருநூறு ரூபாய்ப் பெட்டியைப்
பிரித்துப் பார்த்துவிட்டு
"பிளாஸ்டிக் விறகா?" என்றார் இவர்.

மஞ்சளில் ஒன்றுகள். நீளமாய், நீலத்தில் பத்துகள்.
முறுக்குத் தட்டு அகலத்துக்குச் சிவப்பில் நூறுகள்.
அடியில் ஒரு துண்டுத்தாள்:
பாடத்தை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள்.

பார்த்தேன்.
உமையாள் தூங்கிய பிறகு வளவில்
சிக்னல் கிடைக்கும் மூன்றாவது தூணுக்கடியில்
சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு,
ஏதோ திருட்டுப் படம் பார்க்கிறவள் மாதிரி.

வீடியோவில் கண்ணாடி போட்ட ஒரு சார்.
எல்லாப் பாடத்துக்கும் ஒரே சட்டை.
கட்டையை எடுத்து வைக்கும்போது மட்டும்
பேச்சை நிறுத்திவிடுவார்.
எனக்குச் சொல்லிக்கொடுத்த யாரும்
நிறுத்தியதே இல்லை.

"ரெண்டுல ஏழு போகுமா? போகாது.
பக்கத்து வீட்ல கடன் வாங்கு."
வாங்கினேன். ஏழெட்டு வருஷம் வாங்கினேன்.
யார் கொடுத்தார்கள், எப்போது திருப்பினேன்,
கேட்டதில்லை.
வட்டி பேசாமல் கடன் பேசாத ஊர் எங்கள் பள்ளத்தூர்,
என் நோட்டில் மட்டும் எல்லாம் கைமாற்றாய்ப் போனது.
பத்தாம் வகுப்பில் முப்பத்திரண்டு.
அக்டோபரில் திரும்ப எழுதி முப்பத்து நாலு.
அப்புறம் கல்யாணம்.

ஆறாவது பாடத்தில் அந்த சார்
ஒரு நீலத்தை நகர்த்தி
அந்த இடத்தில் பத்து மஞ்சளை அடுக்கினார்.
கடன் என்ற வார்த்தையே வாயில் வரவில்லை.
"சில்லறை மாத்துறோம், அவ்வளவுதான்.
காசு கூடவுமில்ல, குறையவுமில்ல."
படத்தை நிறுத்தினேன்.
பின்னால் தள்ளினேன். மறுபடி பார்த்தேன். மறுபடியும்.
மணி பதினொன்றே முக்கால்.
இவ்வளவுதானாடா அது.

காலாண்டு லீவின் முதல் நாள்.
வளவில் அடுத்தடுத்த இரண்டு ஆத்தங்குடிக் கல்;
வலது கல் ஒன்றின் வீடு,
இடது கல் பத்தின் வீடு என்றேன்.
அவள் சிவப்புகளை நிறுத்தி பஸ் ஸ்டாண்ட் கட்டினாள்.
நீலம் எல்லாம் காரைக்குடி போகும் பஸ்.
விளையாடவிடுங்கள் என்றும் போட்டிருந்தது தாளில்.
எத்தனை நேரம் என்று போடவில்லை.
கல்லில் இருந்த மஞ்சள் பூவுக்குள்
மஞ்சள் கட்டை இரண்டு தொலைந்து
தடவித் தடவி எடுத்தோம்.

குழம்பு கொதிப்பதற்குள் ஒன்று பார்த்துவிடலாம் என்று
ஐம்பத்திரண்டை வைக்கச் சொன்னேன்.
"பதினேழு எனக்குக் குடு."
ஒரு பத்து உடனே வந்தது.
ஏழுக்கு இரண்டு மஞ்சளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.
மாத்து, மாத்து என்று மனசுக்குள் நான்
சார் மாதிரி வாயை மூடிக்கொண்டு.

ஒரு முழு நீலத்தை என் மடியில் போட்டாள்.
"ஏழு எடுத்துக்கிட்டு மீதி மூணைக் குடு."

வீடியோவில் அப்படி இல்லை.
அங்கே முதலில் பத்தைப் பிரித்து அடுக்கி,
பன்னிரண்டாக்கி, அதிலிருந்துதான் ஏழு.
தப்பு என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.
நல்லவேளை, கையில் கட்டை இருந்தது.
மூன்று கொடுத்தேன். இரண்டோடு மூன்று ஐந்து.
அந்தப் பக்கம் மூன்று நீலம்.
"இப்படி யார் சொல்லிக்குடுத்தா?"
"செட்டியார் கடையில பால் வாங்கினா
மீதி இப்படித்தானே தர்றாங்க."

முப்பத்தைந்து.
கல்லில் கிடந்தது.
எனக்கு ஒருதரமும் வராத எண்.
"சரியாம்மா?" என்றாள்.
குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை.

ராத்திரி, இவர் காலில் ஒரு மஞ்சள் குத்தி
"யாருடைய ஒன்று இது?" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் வருகிறார்கள்,
மேல்தளத்து ஓடு மாற்றுவதைப் பேச.
எங்களுக்குப் பதினாறில் ஒரு பங்கு.
அது எவ்வளவு என்று
வருஷத்துக்கு ஒரு தொகை சொல்வார்கள்,
இவரும் தலையாட்டிவிட்டு வருவார்.
பின்னம் நாலாவது பெட்டியாம்.
விலை பார்த்து வைத்திருக்கிறேன்.