தலைநகரம் போன பிறகு

பதினொரு மாதம் தலைநகரமாக இருந்தது
டன்வுடித் துறை.
சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம்
சூதாட்ட மேசைமேல்தான் நிறைவேறியது;
வேறு மேசை இல்லை.

மார்ச்சில், பனி இளகுமுன்,
அரசு முத்திரையை ஓட்ஸ் சாக்கில் திணித்துக்கொண்டு
இரவோடு இரவாகத் தெற்கே போய்விட்டார்கள்.
அங்கே ரயில் வருமாம்.

விடிந்ததும் தைர்சா புரூயிட்
கஞ்சிப் பானையை இறக்கினாள்.
இருபத்தாறு கிண்ணம். ஆளில்லை.

கணக்குப் புத்தகத்தில்
மேலவை, கீழவை, இரண்டும் கடன்.
ஆளுநர் பெயரில் மட்டும்
முட்டை நாற்பது, மெழுகுவத்தி ஒன்பது,
உடைத்த ஜன்னல்.

சபாநாயகர் நாற்காலியை
வீட்டுக்கு இழுத்து வந்தாள்.
ஒரு கால் குட்டை.
அடியில் மடித்து வைக்கக் காகிதம் தேடினாள்.
கிடைத்தது,
அக்கரை மக்களைக் கேட்காமல் எழுதிய
எல்லை மசோதா, மூன்றாம் வாசிப்பு.

நாலாய் மடித்தாள். போதவில்லை.
எட்டாய்.