அழுத்தம்

யார்மத் நீதிமன்றத்தில்
கேமராவுக்கு அனுமதி இல்லை. எனக்கு உண்டு.
இரண்டாம் வரிசை, இடது ஓரம்,
ஹீட்டர் குழாய் முழங்காலைச் சுடும் இருக்கை.
சீவிய பென்சில்கள் ஏழு கொண்டுவருவேன்.
கத்தியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
“முனை போனால் போனதுதான், மிஸ் தெரியோ.”

முதலில் எச்பி.
தாளுக்கே தெரியாமல் போடுகிற கோடு.
நீதிபதியின் மேசை ஒரு நீள்சதுரம்,
எழுத்தர் கவிழ்த்து வைத்த கிண்ணம்,
ஜூரிகள் பன்னிரண்டு கூழாங்கல்,
கூண்டில் இருப்பவன்
இப்போதைக்கு ஒரு முட்டை.

வெண்டல் சுரெட், ஐம்பத்து மூன்று,
சிங்கி இறால் பிடிப்பவன்.
ஜனவரியில் மச்சானின் படகு
கட்டியிருந்த இடத்திலேயே எரிந்து அமிழ்ந்தது.
கொளுத்தியது இவன் என்கிறது அரசுத் தரப்பு.
இவன் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை.
அழுத்தமான ஆள்.

கிட்டத்தில் இருப்பது கருக்க வேண்டும்,
எட்டத்தில் இருப்பது வெளிற வேண்டும்.
அவ்வளவுதான் ஆழம் என்கிற ஜாலம்.
எனக்கு முன்னால் உட்கார்ந்த நிருபரின் தோளுக்கு நான்கு பி.
கடைசிச் சுவரோரம் நீதிபதிக்கு
ஊதினால் பறக்கும் சாம்பல்.
(அவர் வெளிறியிருப்பது தூரத்தால்;
வேறு அர்த்தம் தேட வேண்டாம்.)

கம்பளிச் சட்டைக்குக் கோடு
தும்மித் தும்மிப் போக வேண்டும்.
தண்ணீர்க் கோப்பைக்கு ஒரே இழுப்பு,
வெளிச்சம் உட்காரும் இடத்தில் மட்டும் தூக்கி
அந்தப்புறம் இறக்கி.
அவன் கைக்கு
கட்டைவிரல் அடியில் தடிப்பாக ஊன்றித் தொடங்கி
மணிக்கட்டில் நூலாக விட்டுவிட வேண்டும்.
கயிறு அறுத்த வடுக்களுக்கு
முனை உடைந்த பென்சிலே போதும்.

பின்வரிசையில் அவன் மனைவி லொரேன்
பெப்பர்மின்ட் காகிதத்தைச் சத்தமில்லாமல் பிரிக்கப் பார்க்கிறாள்.
படகு எரிந்தவனின் கூடப்பிறந்த தங்கை.
அவளுக்கு எந்தக் கோடு என்று தெரியாமல்
கோட்டை மட்டும் வரைந்து
தலையை விட்டுவிட்டேன்.

பிறகு முகம்.
கூரைக் குழல்விளக்கு எல்லோர் கண்குழியிலும்
ஒரே நிழலைத்தான் கொட்டுகிறது,
நீதிபதிக்கும், நாலாம் ஜூரிக்கும், எனக்கும்.
அவர்களுக்கெல்லாம் எச்பி போதுமானதாயிருந்தது.
இவனுக்கு மட்டும் என் கை
கேட்காமலே ஆறு பி எடுத்திருந்தது.
தீயணைப்பு அதிகாரி பெட்ரோல் கேனைப் பற்றிச் சொல்லச் சொல்ல
நான் இடது கண்ணுக்குக் கீழே
நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஜூரி இன்னும் எழுந்திருக்கவே இல்லை.
என் தாளில் தீர்ப்பு வந்துவிட்டது.

பிசையும் ரப்பரை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
கரி வந்தது. பள்ளம் வரவில்லை.
பென்சிலைச் சாய்த்துக் கன்னத்துக்கு நிழல் பூச,
பள்ளத்துக்குள் கரி இறங்காமல்
கண்ணடியிலிருந்து வெள்ளையாக
ஒரு கோடு எழுந்தது.
இப்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

அழவில்லை அவன். ஒருமுறைகூட.
கொளுத்தியவனை வரைந்தேன்,
திருத்தப் போய்
குமுறுகிறவனை வரைந்துவிட்டேன்.

காபி இடைவேளை, பதினைந்து நிமிடம்.
புதுத் தாள். மறுபடி முட்டை.
ஏழில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், இரண்டு பி.
வால்நுனியில் பிடித்தால்
அழுத்த நினைத்தாலும் முடியாது.
மெல்லிசாய் ஒரு படலம், குறுக்கே இன்னொன்று,
அதன்மேல் சாய்வாக,
துறைமுகத்தில் மூடுபனி சேர்கிற மாதிரி.
கண்குழி தானாக உள்ளே போயிற்று.
நாலாம் ஜூரிக்கும் அதே அளவு. நீதிபதிக்கும்.
ஒரு பக்கமும் கோடாத கோடு என்று
பெருமைப்பட முடியாது.
மூக்கு சரியாக வரவில்லை.

பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்,
இன்னும் கொஞ்சம் இருட்டாக இருக்கலாமோ?
அறையில் அவ்வளவுதான் இருட்டு என்றேன்.
மூன்றாம் பக்கத்தில்
கைகளை மட்டும் வெட்டிப் போட்டார்கள்.

முதல் தாள் வீட்டில், இழுப்பறையில் இருக்கிறது.
திருப்பிப் பார்த்தால் அந்தக் கோடு
முதுகில் தழும்பாகப் புடைத்திருக்கிறது.
விளக்கை அணைத்தாலும்
விரலுக்குத் தெரிகிறது.