வாசனைக்கு மாவுச்சத்து இல்லை

இன்றைக்கும் ராப்பாக் கீரைதான்.
மூன்று கட்டு.
கடுகுச் செடிக்குத் தங்கை முறை வேண்டும் இதற்கு.
மொட்டு பிளந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால்
முற்றல் என்று சொல்லி விலை குறைக்கலாம்.
குறைத்தேன்.

தடித்த தண்டின் நாரைக் கத்தியால்,
இளசை நகத்தால்.
நான்கு தண்ணீரில் அலசினாலும்
ஐந்தாவதில் மண் வரும்.

சவேரியோ உள்ளே தூங்குகிறான்.
இரவு பத்துக்கு பேக்கரிக்குப் போய்
ஊர் எழும்போது வந்து விழுகிறவன்.
முப்பத்தொரு வருடமாய்
அல்டமூராவின் பாதி வீடுகளுக்கு ரொட்டி சுடுகிற கை
கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது,
ரேகைக்குள் மாவோடு.

பிப்ரவரியில் டாக்டர் லோரூசோ
(எங்கள் மகன் வயதுகூட இருக்காது அவளுக்கு)
கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்:
ரொட்டி கூடாது. பாஸ்தா கூடாது.
உருளைக்கிழங்கை மறந்துவிடுங்கள்.
சவேரியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
"வாசனை?" என்றான்.
வாசனைக்கு மாவுச்சத்து இல்லை என்றாள்,
சிரிக்காமல்.

அன்றோடு என் கட்டைவிரலுக்கு வேலை போயிற்று.
மாவை அழுத்தி அழுத்தி
குட்டிக் காதுகளாய்ப் பாஸ்தா செய்கிற விரல்.
மாவுப் பலகை அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது,
வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி
சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாசேஜை முள்கரண்டியால் நான்கு இடத்தில் குத்தி
கைப்பிடித் தண்ணீர் விட்டுச் சட்டியில் வைக்கிறேன்.
தண்ணீர் சுண்டும். கொழுப்பு இறங்கும்.
கசாப்புக்காரர் மிக்கேலே சோம்பை
இடிக்காமல் முழுசாகப் போடுகிறவர்;
அது பல்லில் படும்போது தெரியும் அவர் சோம்பேறித்தனம்.
அது நல்ல சோம்பேறித்தனம்.

கீரைக்குக் கொதிநீரில் இரண்டு நிமிடம்.
பிழிந்தால் முழங்கை வரை பச்சை.
பூண்டு, நசுக்கிய காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய்.
எல்லாம் ஒரே சட்டியில்.
"சுர்" என்ற சத்தத்துக்குத்தான் அவன் எழுந்திருப்பான்,
கடிகாரத்துக்கு இல்லை.

முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டான்.
கசக்கிறது என்றான்.
பால் பல் விழுந்த நாளிலிருந்து தின்கிற கீரை
அதுவரை கசந்ததே இல்லையாம்.
யோசித்துப் பார்த்தேன்.
இத்தனை காலமும் பாஸ்தா நடுவில் உட்கார்ந்து
சமாதானம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது தின்கிறான்.
உப்பு போதுமா என்று நான் கேட்பதில்லை,
அவனும் சொல்வதில்லை.
ஆனால் கடைசியில் தட்டில் எண்ணெய் மிஞ்சும்.
பச்சையும் பொன்னும், நடுவில் சிவப்பாய் மிளகாய்த் தோல்.
அவனுடைய இடது கை தானாகக் கிளம்பி
ரொட்டிக் கூடை இருந்த இடத்தைத் தடவும்.
மேசைவிரிப்பைத் தொட்டுத் திரும்பும்.
ஐந்து மாதமாய் அந்தக் கைக்கு மட்டும்
யாரும் சொல்லவில்லை.

இன்று கை கிளம்பவில்லை.
எழுந்து என் பக்கம் வந்தான்.
முத்தம் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்க,
அவன் மோந்து பார்த்தான்,
வாயருகே, பிறகு கழுத்தில்.

"நுன்சியா வீட்டு ரொட்டி," என்றான்.
"நேற்றையது. அடியில் கொஞ்சம் கருகல்.
மூன்றாவது ஈடு. நான் கண்ணயர்ந்துவிட்டேன்."

மதியம் பக்கத்து வீட்டு மாடிப்படியில்
நின்றுகொண்டே தின்றேன், திருடி மாதிரி.
மறுக்க வாய் திறந்தால்
அந்த வாயேதான் சாட்சி.

"நாளையிலிருந்து இங்கே உட்கார்ந்து தின்னு,"
என்று சொல்லி
எண்ணெய்த் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

ஏப்ரன் பையில் ஓரத்துண்டு ஒன்று இருந்தது.
அதுவும் தெரிந்திருக்கிறது அவனுக்கு.
எடுத்து எண்ணெயில் தோய்த்தேன்.
அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு
முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு
நான் மெல்லுவதைப் பார்த்தான்.

"மேலோடு எப்படி?" என்றான்.
"கொஞ்சம் தடிமன்," என்றேன்.
"அடுப்பு சூடு பத்தவில்லை," என்று எழுந்து
தொப்பியைத் தேடினான்.
மணி இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை.