மூன்றாம் கால்

மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான் மிஷாரி.
துண்டில் சுற்றிய கன்சோல்.
விசிறி மட்டும் ஓடுகிறது, திரை கறுப்பு.
"தம்பி" என்கிறான். வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பியை எனக்குத் தெரியும்.
ஃபவாஸ், ஆறு வயது,
எது கேட்டாலும் ஆம் என்று அழுத்துகிறவன்.
புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா?
ஆம்.
பழையது அழிந்துவிடும், சம்மதமா?
ஆம்.
இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான் ஏற்றியதை
நாலு நிமிடத்தில் கழுவி ஊற்றியிருக்கிறான்
ஒரு கையில் குப்பூஸோடு.

ஹவல்லியில் வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
ஏசித் தண்ணீர் பக்கெட்டில் சொட்டுகிறது.
லென்ஸுக்கு அடியில்
பருக்கை அளவு சிப், எட்டுக் கால்.
கிளிப்பை மாட்டி எல்லாவற்றையும் மறுபடி எழுதி
கடைசியாக ஒரே ஒரு பிட்:
இனி எழுதாதே.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டியிருக்கிறது,
நோட்டீஸ் ஒட்டாதே என்று
சுவர் முழுக்க எழுதிவைப்பதுபோல.

எழுதினால் போதாது. மூன்றாம் கால்தான் தாழ்ப்பாள்.
அதில் மின்சாரம் நிற்கும்வரை
யார் வந்தும் அந்த பிட்டை அழிக்கலாம்,
நான், கம்பெனி, ஃபவாஸ்.
ஈயம் இளகுகிறது.
மூச்சை அடக்கி, ஊசியால் நெம்பி
அந்த ஒரு காலை மட்டும் தூக்குகிறேன்.
ஒடிந்தால் புதுச் சிப், என் சம்பளத்தில்.
ஒடியவில்லை.
தலைமயிர் கனத்தில் ஒரு கம்பி
பக்கத்துக் காலுக்கு. அது தரை.

"அழுத்து" என்றேன்.
ஏற்றலாமா? ஆம்.
பச்சைக்கோடு கொஞ்சம் நகர்ந்து
மன்னிக்கவும், முடியவில்லை என்றது.
மிஷாரி சிரித்துக்கொண்டே இன்னும் ஏழு தடவை அழுத்தினான்.

"நானே மாற்ற நினைத்தால்?"
பேட்டரிக்கு அடியில் குட்டி ஸ்விட்ச் வைத்திருக்கிறேன்,
தம்பியிடம் சொல்லாதே.
"நீ இஞ்சினியரா?"
சிவில் ஐடியை எடுத்துக் காட்டினேன்.
தொழில்: தப்பாக்.
தப்பாகத்தான் எழுதியிருக்கிறது,
ஆனால் அரபியில் அதற்குச் சமையல்காரன் என்று பொருள்.
"சமைக்க வருமா?"
முட்டை.

ஏழு மணிக்கு முதலாளி ஒரு தாளை நீட்டினார்.
இன்னும் இரண்டு வருடம்.
வலமிருந்து இடமாக ஓடும் வரிகளில்
அந்த ஒரு சொல்லைத்தான் எனக்கு வாசிக்க வரும்.
அதே இடத்தில் அதே சொல்.
"சம்மதம்தானே?"
வாயில் குப்பூஸ் இருந்தது,
தலையை ஆட்டினேன்.