விடைப் பக்கம்

மே மாதத் தேர்வுக்கு மூன்று பாடம்.
கால்குலஸ் கிடைத்துவிட்டது. வேதியியலுக்கு
எதிர் பிளாட் ரியோனாவின் பழசு போதும்.
இயற்பியல்தான் என்னை ரூவியில்
மூன்றாவது கடைக்கு நடத்தி வந்திருக்கிறது.

ஜெஸ்வின் சொல்லி அனுப்பியது:
மெலிசா இருக்கணும்மா,
தியரி வேண்டாம், மாதிரித் தேர்வு அஞ்சாவது வேணும்,
அட்டையில இந்த வருஷம் போட்டிருக்கணும்.
போட்டிருக்கிறது.
உள்ளே போன வருஷத்து அதே கார்,
அதே சரிவு, அதே உராய்வு.
ஏறியிருப்பது விலை மட்டும்:
நாலு ரியால் அறுநூறு பைசா.

என் சோதனை வேறு.
சரியான விடையை எல்லாப் புத்தகமும் சொல்லும்.
மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று
பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறதா?
பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள்.

தடித்தது சொல்கிறது. ஆனால் செங்கல்.
மெலிசு, 'விடை: சி' என்று
ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது.

சும்மா ஒரு கணக்கைப் பார்த்தேன்.
ஒரு கப்பி. ஒரு பக்கம் மூன்று கிலோ,
மறுபக்கம் இரண்டு.
கயிற்றில் இழுவிசை எவ்வளவு?

என் பி.எஸ்ஸி. சான்றிதழில்
மூன்று அலுவலகங்களின் முத்திரை இருக்கிறது.
ரெசிடென்ட் கார்டில் 'இல்லத்தரசி' என்றிருக்கிறது.
பதினேழு வருஷமாக என்னை யாரும்
இழுவிசை கேட்கவில்லை.

மீன் வாங்கிய பில்லைத் திருப்பினேன்.
ஈர்ப்புக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால்
முடுக்கம் இரண்டு,
இழுவிசை இருபத்து நான்கு.
மெலிசு சொல்கிறது இருபத்தைந்து.

இன்னொரு தரம் போட்டேன்.
பரீத் இக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்:
"சேச்சி, வாங்ஙுன்னுண்டோ?"
இருபத்து நான்குதான்.

அல் குவைரில் ஏதோ ஒரு பிளாட்டில்
ராத்திரி ஒரு மணிக்கு
சரியாகப் போட்ட ஒரு பெண்
தன் விடையை அழித்துக்கொண்டிருப்பாள்,
அச்சடித்தது பொய் சொல்லாது என்று நம்பி.

கைப்பையில் பென்சில் இருந்தது.
வாங்கப் போவதில்லை என்று முடிவான புத்தகத்தில்
ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினேன்.
சின்னதாக. வியாபாரம் கெடாத அளவுக்கு.
அலமாரியில் இன்னும் ஆறு பிரதி நின்றன.
இக்கா டீ குடிக்கத் திரும்பும்வரை காத்திருந்தேன்.

வெளியே செல்வின்
இரட்டை வரிசையில் வண்டியை நிறுத்தி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
"ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு நேரமா?"

மடியில் செங்கல்லை வைத்துக்கொண்டேன்.
மெலிசு கேட்ட பிள்ளையிடம்
என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.
வாதி கபீர் சிக்னலில் சிவப்பு.
முதல் அத்தியாயத்தின் மூன்றாம் கணக்கில்
இருந்தேன்.