ஆறாம் எண் அறை

நோதாரின் பழைய ஓப்பலில்
பின்கண்ணாடி ஒன்று இறங்கினால் ஏறாது.
திபிலிசியிலிருந்து நாங்கள் நாலு பேர்,
டிக்கியில் ஒரு தர்பூசணி.
உருண்டு உருண்டு அது
ஒவ்வொரு வளைவையும் எங்களுக்கு முன்பே அறிவித்தது.

சுராமியில் சாலையோரம் நசூக்கி ரொட்டி வாங்கினோம்,
இலவங்கப்பட்டை வாசனையோடு, கை சுடச்சுட.
விற்றவள் காரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்,
கேட்காமலே ஒன்று கூடப் போட்டாள்.

ரிக்கோத்தி ஏற்றத்தில் என்ஜின் கொதித்தது.
தாண்டிப்போன லாரிகளுக்கெல்லாம்
எலிசோ ராணிபோலக் கையசைத்தாள்.
பாச்சோ மட்டும் வாய் திறக்கவில்லை.
ஹோட்டலைப் பிடித்தவன் அவன்.
"கடலிலிருந்து ஐம்பதே அடி" என்று
ஒரு வாரமாக எங்கள் காதைத் தின்றவன்.

ஐம்பது அடி உண்மைதான்.
நடுவில் ரயில் பாதை ஒன்று போவதை
அடிக்கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வரவேற்பு மேஜையில் பூனை இருந்தது.
பிறகு குலீக்கோ வந்தாள்,
கையில் பாதி செதில் நீக்கிய மீன்.
"வெந்நீர் சாயங்காலம் வரும்" என்றாள்.
எந்தச் சாயங்காலம் என்று கேட்க விட்டுப்போயிற்று.

அறையில் திரையை விலக்கினால் சுவர்.
யாரோ அதற்குப் பாதிவரை நீலம் அடித்து
மனசு மாறிப் போயிருந்தார்கள்.
"அதோ, கடல்" என்றாள் எலிசோ.

கதவு சாத்தவில்லை.
நாற்காலியை முட்டுக்கொடுத்தோம்.
நாற்காலிக்கு மூன்றே கால்,
அதற்குத் தர்பூசணியை முட்டுக்கொடுத்தோம்.

"படத்தில் பால்கனி இருந்ததே, பனைமரம் இருந்ததே?"
பாச்சோவின் குரல் உடைந்தது.
"அது பாத்தூமி" என்றாள் குலீக்கோ.
"அழகான ஊர். போயிருக்கிறீர்களா?"

நோதார் வரி அலுவலகத்தில் குமாஸ்தா.
அந்தக் காலத்து ஆள்போல நிமிர்ந்து நின்று
புகார்ப் புத்தகம் கேட்டான்.
குலீக்கோவின் முகம் மலர்ந்துவிட்டது.
எத்தனையோ வருஷமாக யாரும் கேட்காத ஒன்று.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
கயிற்றில் பென்சில் தொங்கும்
தடித்த நோட்டைக் கொண்டுவந்தாள்.

ஜூலை 1983. ஆறாம் அறைக் கதவு சாத்துவதில்லை.
லெனின்கிராட், பல் மருத்துவர்.
ஆகஸ்ட் 1986. வெந்நீர் இல்லை. கொசு உண்டு.
ஜூன் 1990. ரயில் வரவில்லை, நன்றாகத் தூங்கினோம்.
அடுத்த வரி: இதைப் புகாராகக் கொள்ள வேண்டாம்.
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.
பூனை எழுந்து போய்விட்டது.

பக்கம் திருப்பினால் புகார் இல்லை.
பென்சிலில் வாய்ப்பாடு.
இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு,
கோணல்மாணலாக,
தாள் தட்டுப்பாட்டில் ஓரம்வரை நெருக்கி.
எலிசோ விரல் வைத்து வாசித்தாள்.
ஏழெட்டு ஐம்பத்து நாலு.

"சுகுமியிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள்.
ஆறாம் அறையில் ஒன்பது பேர்.
பன்னிரண்டு வருஷம்" என்றாள் குலீக்கோ,
மீனைத் திருப்பிப் பிடித்தபடி.

நோதார்கூட அந்தக் கணக்கைத் திருத்தவில்லை.

பென்சிலை வாங்கிப் பாச்சோ எழுதினான்:
கதவு இன்னும் சாத்தவில்லை.
நாலு பேரும் கையெழுத்திட்டோம்.

இரவு இரண்டு மணிக்குச் சரக்கு ரயில்.
நாற்காலி சரிந்தது. தர்பூசணி
நடைவழியெங்கும் உருண்டு எங்கோ உடைந்தது.
விளக்கைப் போடாமலே
போய்த் தேடித் தின்றோம்.

காலையில் கடல். கறுப்பு மணல்,
அதில் அசைபோட்டுப் படுத்திருக்கும் பசு.
பணம் திருப்பித் தர மனமில்லாமல் குலீக்கோ
ஆளுக்கொரு காந்தப் படம் கொடுத்திருந்தாள்,
எல்லாவற்றிலும் பாத்தூமி.
பாச்சோ தன்னுடையதை மணலில் விட்டெறிந்தான்.
எடுத்துப் பார்த்தால்
பனைமரத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது.
அந்த மணலில் இரும்பு இருக்கிறதாம்.
ஊதினால் போகவில்லை, கழுவினாலும் போகவில்லை.

அவனுக்கு வேண்டாமாம். என்னிடம்தான் இருக்கிறது,
குளிர்பெட்டியின் மேல்.
பால் எடுத்துவிட்டுச் சாத்தும்போது
கொஞ்சம் உதிரும்.