கடுகும் கோழிக்கழுத்தும்

தராசிலிருந்து அவனை இறக்காமலே
மருத்துவர் ஔக்யா சொன்னாள்:
இந்த உலர்தீனியை நிறுத்து.
சோளமும் பட்டாணியும்
இவன் குடலுக்கு வழிப்போக்கர்கள்.
இறைச்சி கொடு. பச்சையாக. எலும்போடு.

நான் பதினெட்டு வருடமாகச் சைவம்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அவன் பெயர் மோஸ்டர்ட்.
எங்கள் ஃபிரீஸ்லாந்துப் பக்கம் அப்படியென்றால் கடுகு.
ஃபெரெட் சாதி, பார்த்தால் கீரிக்கு
ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருப்பான்.
எழுநூற்று நாற்பது கிராம் பிடிவாதம்.
சிறுத்திருக்கிறான்,
காரம் குறையவில்லை.

என் தெருவிலேயே கறிக்கடை வைத்திருக்கும் யோரிட்
கதவு மணி கேட்டுத் தலை நிமிர்ந்து
தேவாலயத்துக்குள் நுழைந்த ஆட்டைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
கோழிக்கழுத்து ஆறு. கொஞ்சம் ஈரல், இதயம்.
விருந்தாளியா, என்றான்.
வீட்டுக்காரன், என்றேன்.

முதல் நாள் முகர்ந்தான்.
முகர்ந்துவிட்டுக் கம்பளத்தில் மூக்கைத் துடைத்தான்,
நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல்.
இரண்டாம் நாள் தீனியைப் பொடித்து
இறைச்சிமேல் தூவினேன்.
பொடியை மட்டும் நக்கிப் போனான்.
ஐந்தாம் நாள் அரைத்த கறியை விரலில் தொட்டு
அவன் ஈறில் தடவினேன்.
தும்மினான்.
என் கண்ணாடியில் சிவப்புப் புள்ளிகள்.
அதோடுதான் பாலத்துக்கு வேலைக்குப் போனேன்.

பசி வந்திடப் பத்தும் பறக்குமாம்.
இவனுக்குப் பசி வரவிடக் கூடாதாம்,
நாலு மணி நேரம் தாண்டினால்
சர்க்கரை இறங்கி விழுந்துவிடுவானாம்.
எனவே தோற்ற ஒவ்வொரு முறையும்
நானே எழுந்துபோய்
அந்தப் பழுப்பு உருண்டைகளைக் கிண்ணத்தில் கொட்டினேன்.
மொறு மொறு மொறு.
இரவு இரண்டு மணிக்கு
அதைவிடத் திமிரான சத்தம்
உலகத்தில் இல்லை.

ஒன்பதாம் நாள் ஒரு கழுத்தைக் காணோம்.
தின்றுவிட்டான் என்று
தனியாக நின்று கைதட்டினேன்.
பன்னிரண்டாம் நாள்
என் மழைக்கால பூட்ஸ் சொன்னது, தின்னவில்லையென்று.
கால் விட்ட பிறகு சொன்னது.

என் வேலை பாலம் தூக்குவது.
படகு வந்தால் சாலை எழும்பும்,
ஒரு தூண்டில்கோல் நுனியில்
சின்ன மரச்செருப்பைத் தொங்கவிடுவேன்,
கடந்து போகிறவர்கள் அதில் காசு போடுவார்கள்.
எங்கள் ஊர் வழக்கம்.
அந்தச் சனிக்கிழமை காற்று பிய்த்தது.
செருப்பு ஊஞ்சலாட, ஒரு படகிலிருந்த குழந்தை
இரண்டு கையாலும் அதைத் துரத்தித் துரத்திப் பிடித்தது.
காசு போட மறந்துவிட்டது.
பிடித்ததே போதும் என்று சிரித்தது.

மாலை கோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
செருப்பை அவிழ்த்தேன்.
கழுத்தைக் கட்டினேன்.
பதினெட்டு வருடச் சைவம் சோபாவின் மேல் ஏறி நின்று
கூடம் முழுக்க ஒரு கோழியின் மிச்சத்தை
இழுத்து இழுத்து ஓடவிட்டது.

கிண்ணத்தில் செத்துக் கிடந்தது
தரையில் ஓடியதும்
அவன் முதுகு வில்லானது.
அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை,
கூண்டில் பிறந்தவன், கூண்டில் பிறந்தவளுக்குப் பிறந்தவன்.
பாய்ந்தான்.
பிடரியில் கடித்தான், பிடரி மட்டுமே இருந்ததில்.
கோல் வளைந்தது.
நூலை அறுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனான்.

முதல் எலும்பு உடைந்தபோது
என் பல் கூசியது.
கையில் பருப்பு சூப் இருந்தது,
ஆறட்டும் என்று வைத்துவிட்டு
குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது, கொஞ்சம்.
அதோடு வேறொன்றும் வந்தது,
அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

இப்போது யோரிட் என்னைக் கண்டதும்
கேட்காமலே பொட்டலம் கட்டுகிறான்.
வீட்டுக்காரன் நலமா, என்கிறான்.
வாடை குறைந்திருக்கிறது, மயிர் மின்னுகிறது, என்கிறேன்.
கடைக்குள் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நேற்று கூட்டும்போது
அலமாரிக்கு அடியிலிருந்து
பழைய தீனி உருண்டை ஒன்று உருண்டு வந்தது.
கடுகு முகர்ந்தான். தாண்டிப் போனான்.
கதவுவரை போனவன் திரும்பி வந்து
அதைப் பல்லில் படாமல் கவ்வி
என் பூட்ஸுக்குள் போட்டுவிட்டு
போய்ப் படுத்துக்கொண்டான்.